சின்னசாமிக்குக் கூட்டமாகப் போவது: பஸ்ஸா, ரயிலா, வேனா?

ஐபிஎல் கிரிக்கெட்டில் சென்னை சூப்பர் கிங்ஸுக்குச் (சிஎஸ்கே) சொந்த மைதானம் சேப்பாக்கம். ஆனால் கிருஷ்ணகிரிக்காரருக்கு அது 250 கிலோமீட்டருக்கு மேல். பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியம் 90 கிலோமீட்டர் சொச்சம்தான். தர்மபுரியில் இருந்து கணக்குப் போட்டாலும் சென்னை கிட்டத்தட்ட 300, பெங்களூரு 140. நம் இரண்டு மாவட்டத்து ரசிகர்களுக்கும் எதிரணி ஊரில் நடப்பதுதான் பக்கத்து மேட்ச். அதனால்தான் பெங்களூரு அணியான ஆர்சிபியோடு சிஎஸ்கே மோதும் ஆட்டத்துக்குத் தேதி வந்த அன்றே வாட்ஸ்ஆப் குழுக்களில் "எதுல போலாம்?" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போவதைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. மதியம் கிளம்பினால் எதில் ஏறினாலும் டாஸுக்குள் போய்ச் சேரலாம். எதில் திரும்புவது என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். 7.30 மணி ஆட்டம் முடிய 11.30 ஆகும். 2024 மே 18 ஆட்டத்தில் மழை வேறு குறுக்கிட்டு இன்னும் இழுத்தது. சீக்கிரம் எழுந்து வந்துவிடலாம் என்ற யோசனையும் நடக்காது. 2025 மே 3 அன்று 214 ரன்னைத் துரத்தி 2 ரன்னில் தோற்றோம். அந்த மாதிரி ஆட்டத்தில் கடைசி ஓவருக்கு முன்னால் யாரை எழுப்பிக் கூட்டி வர முடியும்?

இன்னொன்றும் இருக்கிறது. 2025 ஜூன் 4 அன்று ஆர்சிபியின் கோப்பைக் கொண்டாட்டத்தின்போது இதே ஸ்டேடியத்தின் வாசல்களில் நெரிசலில் சிக்கி 11 பேர் இறந்து போனார்கள். கொண்டாடப் போன பிள்ளைகள். அதற்குப் பிறகு கூட்டம் சேர்த்துக் கூட்டிப் போகிற யாரும் பழையபடி யோசிக்க முடியாது. "கடைசி வண்டி போயிடும், ஓடு ஓடு" என்று கேட்டை நோக்கி நம் ஆட்களை ஓட வைக்கிற எந்த ஏற்பாடும் எனக்கு வேண்டாம். ஆட்டம் முடிந்து இருபது நிமிடம் சீட்டிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, கூட்டம் வடிந்த பிறகு நிதானமாக வெளியே வர முடிகிறதா? கீழே எல்லா வழிகளையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் பார்த்திருக்கிறேன்.

அரசு பஸ்

மலிவில் இதை எதுவும் அடிக்க முடியாது. சேலம், மதுரை, கோவை என்று தெற்கே இருந்து வருகிற பஸ்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூரு போய்க்கொண்டே இருக்கின்றன. யாருக்கும் முன்பணம் தர வேண்டாம். வராதவனுடைய பங்கை மற்றவர்கள் சுமக்க வேண்டாம். சாந்திநகர் பஸ் நிலையத்தில் இறங்கினால் ஸ்டேடியம் சுமார் மூன்று கிலோமீட்டர். நாலு பேர் சேர்ந்து ஆட்டோ பிடித்தால் முடிந்தது.

திரும்பும்போதுதான் சிக்கல். இரவு முழுக்க பஸ் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் நீண்ட தூர பஸ்ஸில் மதுரைக்குப் போகிறவருக்கே முதலிடம். "கிருஷ்ணகிரியா, நின்னுட்டு வா" என்பார்கள். நாலைந்து பேர் என்றால் எப்படியாவது ஏறிவிடலாம். பதினைந்து பேர் ஒரே பஸ்ஸில் ஏற முடியாது. குழு மூன்றாகப் பிரியும். யார் எந்த பஸ்ஸில் இருக்கிறார்கள் என்று போன் போட்டுக்கொண்டே வர வேண்டும். வெள்ளிக்கிழமை இரவாக இருந்தால் ஊருக்குப் போகிற ஐ.டி. பையன்களின் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். ஓசூர் ரோட்டில் பஸ் ஏறுகிற சில்க் போர்டில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. கடைசியில், ஊருக்குள் வராத பஸ் பைபாஸிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். அந்த நேரத்தில் தர்மபுரி பைபாஸில் ஆட்டோ கிடைப்பது அதிர்ஷ்டம். மூன்று நான்கு இளைஞர்கள், மறுநாள் வேலை இல்லை என்றால் அரசு பஸ் போதும். பெண்களும் பிள்ளைகளும் உள்ள குழுவுக்கு நான் சொல்ல மாட்டேன்.

ரயில்

கிருஷ்ணகிரிக்காரர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம். மாவட்டத் தலைநகராக இருந்தும் ஊரில் ரயில் நிலையம் இல்லை. ரயில் பாதை கேட்டுத் தலைமுறை தலைமுறையாக மனு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

தர்மபுரிக்கு உண்டு. பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் போகும் பாதை அழகானது. கோவையில் இருந்து பெங்களூரு கண்டோன்மென்ட் போகும் வந்தே பாரத் தர்மபுரியில் நிற்கிறது. கண்டோன்மென்டில் இருந்து ஸ்டேடியமும் பக்கம்தான். ஆனால் அதே ரயில் திரும்பிக் கிளம்புவது மதியமே. இரவு தெற்கே போகும் ரயில்களும் நாம் கடைசி ஓவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஓசூரைத் தாண்டியிருக்கும். ஆக, இரவு ஆட்டத்துக்கு ரயில் ஒருவழிப் பாதை.

2018-இல் காவிரிப் பிரச்சினையால் சென்னை ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டபோது, சிஎஸ்கே நிர்வாகமே தனி ரயில் பிடித்து ரசிகர்களைச் சென்னையில் இருந்து அழைத்துப் போனது. ரயிலே ரசிகர்களுக்காகக் காத்திருந்தால் அதைவிடச் சுகமான பயணம் கிடையாது. தர்மபுரிக்கு அப்படி யாரும் ரயில் விடப்போவதில்லை.

சொந்தக் கார்கள்

"நம்மகிட்டயே மூணு கார் இருக்கு, எதுக்கு வேன்?" என்று ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார். கணக்குப்படி சரிதான், செலவு குறையும். ஆனால் காரை ஓட்டுகிறவரும் மேட்ச் பார்க்க வந்தவர். நாலு மணி நேரம் தொண்டை கிழியக் கத்திவிட்டு, சரியாகச் சாப்பிடாமல், நள்ளிரவுக்கு மேல் ஓசூர் ரோட்டில் ஸ்டீயரிங் பிடிப்பார். பின்சீட்டில் எல்லோரும் தூங்குவார்கள். அவருக்கும் கண் சொக்கும். சூளகிரியைத் தாண்டி மேலுமலை இறக்கம் வரும். விபத்துக்குப் பேர்போன இடம். முன்னால் லாரிகள் இறங்கிக்கொண்டிருக்கும், ஓரத்தில் சில லாரிகள் விளக்கில்லாமல் நிற்கும். அந்த இடத்தைத் தூக்கக் கலக்கத்தில் கடக்கக் கூடாது.

நிறுத்த இடமும் கிடைக்காது. மேட்ச் நாளில் ஸ்டேடியத்தைச் சுற்றியுள்ள குயின்ஸ் ரோடு, கப்பன் ரோடு, எம்.ஜி. ரோடு என எங்கும் வண்டி விட போலீஸ் அனுமதிப்பதில்லை. சிவாஜிநகர் பஸ் நிலைய மாடி, யு.பி. சிட்டி மாதிரி சில இடங்களை அறிவிப்பார்கள். அவையும் சீக்கிரம் நிரம்பிவிடும். மூன்று கார் மூன்று இடத்தில் நிற்கும். அப்புறம் நள்ளிரவில் ஒருவரையொருவர் தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

பைக்கில் கொடி கட்டிக்கொண்டு போகிற தம்பிகளுக்கு ஒரே வார்த்தை: வேண்டாம். அந்த நேரத்து நெடுஞ்சாலை லாரிகளுடையது.

பெரிய பஸ்

ஐம்பது பேர் சேர்ந்தால் டூரிஸ்ட் பஸ் பேசலாம், தலைக்கு ஆகும் தொகை நன்றாகக் குறையும். ஆனால் ஐம்பது டிக்கெட் யாருக்குக் கிடைக்கிறது? ஒரு கணக்கில் சில டிக்கெட்டுகள்தான் எடுக்க முடியும். கிடைப்பதும் வேறு வேறு ஸ்டாண்டில் இருக்கும். ஐம்பது பேரும் திரும்பி வந்து ஏறும்வரை வண்டி நகராது; ஒருவர் போனை அணைத்துவிட்டால் நாற்பத்தொன்பது பேர் காத்திருக்க வேண்டும். பஸ்ஸை ஸ்டேடியம் பக்கம் கொண்டுவரவும் முடியாது. ரசிகர் மன்றம் மாதிரி கட்டுப்பாடாக இயங்கும் குழுவாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

வேன்

பன்னிரண்டு முதல் இருபது பேர் வரை என்றால் டெம்போ டிராவலர் அல்லது வேன்தான் என் தேர்வு. மேட்ச் பார்க்காத ஒருவர் ஓட்டுகிறார், நாம் வரும்வரை வண்டி நிற்கும். வேறு எந்த வழியிலும் இந்த இரண்டும் சேர்ந்து கிடைப்பதில்லை. மூன்றாவதாகப் பை. ஸ்டேடியத்துக்குள் பை, பவர் பேங்க், தண்ணீர் பாட்டில் எதையும் விட மாட்டார்கள். பஸ்ஸில் வந்தவர் அதையெல்லாம் வாசலில் என்ன செய்வது என்று விழிப்பார். வேனில் வந்தவர் சீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். வீட்டில் கட்டிய புளிசாதப் பொட்டலமும் வண்டியிலேயே இருக்கும்; நள்ளிரவுக்கு மேல் அதன் அருமை தெரியும்.

வண்டி பேசும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. மஞ்சள் நம்பர் பலகை உள்ள டி போர்டு வண்டியாக இருக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கான ஓன் போர்டு வேன் வாடகை கொஞ்சம் குறைவாக வரும். ஆனால் வாடகைக்கு ஓட்ட அதற்கு அனுமதி கிடையாது. வழியில் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கிடைப்பதும் சந்தேகம். கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளியில் நிறுத்தினால் மேட்சும் போச்சு. கர்நாடகாவுக்குள் போக பெர்மிட், வரி எல்லாம் யார் கணக்கு, டோலும் டிரைவர் பேட்டாவும் வாடகையில் சேர்த்தியா தனியா என்று முதலிலேயே கேட்டு வாட்ஸ்ஆப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கிருஷ்ணகிரிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. வெளியூர் வாடகைக்கு ஒரு நாளுக்குக் குறைந்தபட்சம் 250 கிலோமீட்டர் என்று கணக்குப் போடுவது பல இடங்களில் வழக்கம். கிருஷ்ணகிரியில் இருந்து போய்வர 190-ஐத் தாண்டாது. ஓடாத 60 கிலோமீட்டருக்கும் பணம் கட்டுவீர்கள். அதற்குத் தர்மபுரி நண்பர்களோடு சேர்ந்து, அங்கே கிளம்பிக் காவேரிப்பட்டணத்தில் நிறுத்தி, கிருஷ்ணகிரி மேம்பாலத்தில் உங்களை ஏற்றிக்கொள்ளச் சொல்லலாம். அவர்களுக்கு 280 கிலோமீட்டர் எப்படியும் ஓடும். இரண்டு ஊருக்கும் பங்கு குறையும்.

பணத்தை முழுதாக முன்னாலேயே வாங்கிவிடுங்கள். ஒரு பேச்சுக்கு மொத்தச் செலவு 12,000, பதினைந்து பேர் என்றால் தலைக்கு 800. மூன்று பேர் முந்தின நாள் கழன்றுகொண்டால் அது 1,000 ஆகிவிடும். மேட்ச் டிக்கெட் கையில் வந்தவர்களை மட்டும் கணக்கில் சேர்த்தால் இந்தத் தலைவலி பாதி குறையும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் டிரைவரின் தூக்கம். நம்மை இறக்கிவிட்டதும் அவர் எங்கே வண்டி விடுவார், எங்கே படுப்பார் என்பதைப் பேசி முடிவு செய்யுங்கள். நல்ல டிரைவர் கண்ணாடிக்கு டவலைத் தொங்கவிட்டு, கைலிக்கு மாறி, பின்சீட்டு நீளத்துக்குக் கால் நீட்டிவிடுவார். அந்த நேரத்தில் அவருக்குப் போன் போட்டு ஸ்கோர் சொல்லாதீர்கள். அன்று காலையில் வேறு வாடகைக்குப் போய்வந்தாரா என்றும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். போயிருந்தால் வேறு ஆள் கேளுங்கள்.

வேனோடு மெட்ரோ

2025 ஆகஸ்டில் பெங்களூருவின் 'நம்ம மெட்ரோ' மஞ்சள் பாதை பொம்மசந்திரா வரை வந்த பிறகு கணக்கே மாறிவிட்டது. நம் பக்கம் இருந்து போகிறவர்களுக்குப் பெங்களூருவின் வாசலிலேயே மெட்ரோ. சாயங்காலம் எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மனஹள்ளி, சில்க் போர்டு நெரிசலில் வேனோடு ஊர்ந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. பொம்மசந்திராவில் இறங்கி ரயில் ஏறலாம். ஆர்.வி. ரோட்டில் பச்சைப் பாதைக்கும், மெஜஸ்டிக்கில் ஊதாப் பாதைக்கும் மாறினால் கப்பன் பார்க் நிலையம். அங்கிருந்து ஸ்டேடியம் நடக்கிற தூரம். 2025 பிப்ரவரியில் கட்டணம் உயர்ந்தபோதும் அதிகபட்சம் 90 ரூபாயாகத்தான் இருந்தது. தொடங்கியபோது 25 நிமிடத்துக்கு ஒரு மஞ்சள் ரயில் என்றிருந்தது, பிறகு ரயில்கள் கூடி இடைவெளி குறைந்தது.

திரும்பவும் மெட்ரோவிலேயே வருவதா? மேட்ச் இரவுகளில் கடைசி ரயில் நேரத்தை நீட்டிப்பார்கள். ஆனால் அந்த நீட்டிப்பு மஞ்சள் பாதைக்கும் பொருந்துகிறதா என்று அன்றைய அறிவிப்பைப் பார்க்க வேண்டும். இரண்டு இடத்தில் மாற வேண்டியிருப்பதால் ஒன்றைத் தவறவிட்டாலும் பாதியில் நிற்போம். கப்பன் பார்க் நிலைய வாசலில் கூட்டமும் அதிகம். நான் முதலில் சொன்ன "ஓடு ஓடு" இங்கேதான் வருகிறது.

அதனால் எனக்குச் சரியாகப்படுவது இதுதான்: உள்ளே போக மெட்ரோ, வெளியே வர வேன். அதுவரை பொம்மசந்திரா பக்கம் தூங்கிக்கொண்டிருந்த வேனை, ஓசூர் ரோடு காலியான பிறகு பதினொன்றரைக்குச் சாந்திநகர் பஸ் நிலையம் பக்கம் வரச் சொல்ல வேண்டும். நாம் நிதானமாக வெளியே வந்து, கூட்டம் போகிற திசைக்கு எதிராக ரிச்மண்ட் சர்க்கிள் வழியாக நடக்கலாம். முக்கால் மணி நேர நடை. பெரியவர்களுக்கு ஆட்டோ. சந்திக்கும் இடத்தைப் பகலிலேயே முடிவு செய்துவிடுங்கள். இரவில் நெட்வொர்க் நெரிசலில் போன் போகாமல் போகலாம். பைகள் வேனில் இருப்பதால் மெட்ரோ சோதனையிலும் நேரம் போகாது.

பகல் ஆட்டம் என்றால்

இவ்வளவும் 7.30 மணி ஆட்டத்துக்கு. மதியம் 3.30 ஆட்டமாக அமைந்தால் முடிவு தலைகீழ். ஏழரைக்கு முடிந்துவிடும், மெட்ரோ எல்லாப் பாதையிலும் ஓடும், ஓசூர் பஸ்கள் இருக்கும். ஒரு குடும்பமே அரசு பஸ்ஸில் போய் வரலாம், வேனுக்குச் செலவு செய்யத் தேவையில்லை. தர்மபுரிக்காரர்களுக்கு ரயிலும் திரும்ப வருகிறது. மைசூரு–தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் இரவில் ஓசூர், தர்மபுரி வழியாகத்தான் போகிறது. முன்பதிவு மட்டும் அட்டவணை வந்த அன்றே செய்துவிட வேண்டும். பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் கால்பந்து அணிகளான சென்னையின் எஃப்சியும் பெங்களூரு எஃப்சியும் மோதும்போதும் இதே கணக்குதான். 7.30-க்குத் தொடங்கினாலும் கால்பந்து ஒன்பதரைக்குள் முடிந்துவிடும். கடைசி மெட்ரோவுக்கு நேரம் இருக்கும்.