செசமி ஸ்ட்ரீட் பொம்மை பேண்டுகள்: குழந்தைங்களுக்கு தாராளமா போட்டுக் காட்டலாம்

எல்கேஜி போற குழந்தை வீட்ல இருந்தா சாப்பாட்டு நேரத்துல ஏதாவது ஓடிட்டே இருக்கணும், பெங்களூர்ல வேலைக்குப் போற நம்மள மாதிரி அப்பா அம்மாவுக்கு இது தெரிஞ்ச கதைதான், அதனால எதைப் போடறோம்ங்கறதுதான் விஷயமே. எங்க அல்சூர் வீட்ல இப்ப ஓடுறது செசமி ஸ்ட்ரீட்ல வர்ற பழைய பொம்மை ராக் பேண்ட் பாட்டுங்க. 1969 நவம்பர்ல அமெரிக்காவுல ஆரம்பிச்ச ஷோ அது. எழுத்தையும் நம்பரையும் டிவி விளம்பரம் மாதிரி சின்னச் சின்னதா, திரும்பத் திரும்பப் போட்டா குழந்தை மனசுல தங்கும்னு யோசிச்சு பண்ணாங்க, அந்த யோசனை நல்லா எடுபட்டது இந்த பேண்டுகள்லதான்னு நான் சொல்லுவேன்.

முதல்ல பார்க்க வேண்டியது லிட்டில் கிறிஸ்ஸி அண்ட் தி ஆல்ஃபபீட்ஸ். அந்த கிறிஸ்ஸி பொம்மைக்கு குரல் குடுத்தது கிறிஸ்டோபர் செர்ஃப், அந்த ஷோவுக்கு ஏகப்பட்ட பாட்டு போட்டவர். கவுண்ட் இட் ஹையர்னு ஒரு பாட்டு, அவரு எண்ணச் சொல்லுவார், பின்னாடி இருக்கறவங்க எண்ணுவாங்க, இன்னும் மேல போன்னு மறுபடி கேப்பார். டீச்சர் வாய்ப்பாடு சொல்லச் சொல்ல கிளாஸே கத்துமே, அப்படியே அதுதான், கூட டிரம்ஸ் சேர்ந்திருக்கு. பாடம் தனி, பாட்டு தனின்னு இல்ல, கோரஸேதான் பாடம். என் பொண்ணு ரெண்டாவது நாளே சோஃபா மேல ஏறி நின்னு ஒந்து எரடு மூருன்னு கன்னடத்துல கத்த ஆரம்பிச்சிட்டா, ப்ளே ஸ்கூல்ல அப்படித்தான் பழக்கம், தாளம் எங்கயும் இடிக்கல. நான் ஒன்னு ரெண்டு மூணுன்னு கூட சேர்ந்தேன், அதுவும் உக்காந்துச்சு.

அடுத்து தி பீட்டில்ஸ், அதாவது நிஜமாவே வண்டு பொம்மைங்க, கோட்டு சூட்டு போட்டு, தலைமுடி நெத்தியில விழ. பீட்டில்ஸ்ங்கற பிரிட்டிஷ் பேண்டோட லெட் இட் பி பாட்ட கிண்டலா மாத்தி ‘லெட்டர் பி’ன்னு பாடுவாங்க, ‘ஏ’வுக்கு அப்புறம் ‘சி’க்கு முன்னாடி என்னன்னு மறந்துட்டா அம்மா வந்து சொல்லிக் குடுப்பாங்கங்கற மாதிரி போகும். ஒரிஜினல் பாட்டு தெரிஞ்ச நமக்கு அந்த முதல் பியானோவுக்கே முகம் மலர்ந்துடும், குழந்தைக்கு அது எதுவும் தெரிய வேண்டியதில்ல, அதுக்கு பி தெரிஞ்சா போதும். இந்தப் பாட்டுக்காக ஒரிஜினல் பாட்டோட உரிமை வச்சிருந்த கம்பெனிக்காரங்க 55 லட்சம் டாலர் கேட்டு செசமி ஸ்ட்ரீட் மேல கேஸ் போட்டு கடைசியில 50 டாலர்ல முடிச்சுக்கிட்டாங்க, அந்த 50 டாலருக்கு இதவிட நல்ல பாட்டு கிடைக்காது.

அப்புறம் ஹவ் நவ் பிரவுன் அண்ட் தி மூ வேவ், மாடுங்களோட பேண்ட். டேஞ்சர் போர்டு பத்தி பாடுறாங்க. எங்க தெரு முனையில நடைபாதையிலயே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு, கம்பி வேலியில மண்டை ஓடு போட்ட சிவப்பு போர்டு, தினம் அதை உரசிட்டுதான் ஸ்கூல் வேனுக்குப் போகணும். இப்ப அவளே என் கையப் பிடிச்சு இந்தப் பக்கம் இழுக்கறா. இதுக்காக மட்டுமே நான் அந்த மாடுங்களுக்கு நன்றி சொல்லுவேன்.

பொம்மை ஆட்டறவங்க வேலையப் பத்தி சொல்லாம விட முடியல. கைய தலைக்கு மேல தூக்கி, மானிட்டரப் பார்த்துட்டே, ஒவ்வொரு அசைக்கும் கட்டை விரல கீழ இறக்கி வாயத் திறக்கறாங்க. பாட்டு எவ்வளவு வேகமா போனாலும் வார்த்தைக்கு வார்த்தை வாய் பொருந்துது பாருங்க, அதனாலதான் குழந்தை ஸ்கிரீன பார்த்தே உச்சரிப்ப பிடிக்குது. இப்ப வர்ற கம்ப்யூட்டர் ரைம்ஸ் நிறையத்துல வாய் சும்மா மூடி மூடித் திறக்கும், அவ்வளவுதான்.

குறை இருக்கு. எல்லாம் இங்கிலீஷ், அதுவும் அமெரிக்க இங்கிலீஷ், பக்கத்துல ஆள் இல்லாம போட்டா பாதி புரியாது. பிக்சர் பழசு, பெரிய டிவியில மங்கலா தெரியும். நம்ம நாட்டுக்குன்னு 2006ல கலி கலி சிம் சிம் வந்துச்சு, சம்கி, பூம்பா எல்லாம் அருமையான பொம்மைங்கதான், ஆனா ஹிந்தி. தமிழ்ல இந்தத் தரத்துல ஒரு பொம்மை பேண்ட் வந்து உயிர் எழுத்த ராக் பாட்டா பாடினா நான் முதல் ஆளா காசு குடுத்து வாங்குவேன், யாராவது பண்ணுங்க ப்ளீஸ்.

மார்க் போடணும்னா அஞ்சுக்கு நாலரை. மூணு வயசுலேர்ந்து ஆறு வயசு வரைக்கும் சரியா இருக்கும். ஆட்டோப்ளேய ஆஃப் பண்ணிட்டு, ஒரு பாட்ட எடுத்து அதையே ஒரு வாரம் போடுங்க, எண்ணுற பாட்டுலேர்ந்து ஆரம்பிங்க, முடிஞ்சா நீங்களும் கூட உக்காந்து கத்துங்க.