முழங்கால் வலிக்கு ஊசியா, பயிற்சியா?

மூட்டுத் தேய்மானத்துக்கு அக்குபங்சர் (உடலின் குறிப்பிட்ட புள்ளிகளில் மெல்லிய ஊசி குத்தும் சீன வைத்தியம்), பிசியோதெரபி இரண்டையும் எடுத்துப் பார்த்துவிட்டு, இப்போது பிசியோதெரபியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டிலும் கத்தி இல்லை, வலி மாத்திரையும் குறையும். எங்கள் ஊரில் ஒரு தடவைக்கு ஆகும் செலவும் ஏறக்குறைய ஒன்றுதான்.

போய்வந்த திருப்தியைக் கேட்டால் அக்குபங்சருக்கே அதிக மதிப்பெண். நாடி பிடித்துப் பார்த்து, தூக்கம், பசி வரை பொறுமையாக விசாரிக்கிறார்கள். முட்டிக்குக் கீழே வெளிப்பக்கமாக மெல்லிய ஊசி இறங்கும்போது சுருக்கென்றிருக்கும். அப்புறம் அந்த இடமே கனத்துப்போகும். படுத்து எழுந்தால் படி இறங்குவது சுலபமாகிவிடும். அந்த நிம்மதி பொய்யில்லை.

ஆனால் அது ஊசி தந்ததா, கவனிப்பு தந்ததா? ஜெர்மனியில் சுமார் 1,000 முழங்கால் நோயாளிகளை வைத்து நடத்தி, 2006இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். முறையான அக்குபங்சரில் 53 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. அக்குபங்சர் புள்ளியே இல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தியபோதும் 51 சதவீதம்! ஊசி இல்லாமல் மருத்துவரை மட்டும் பார்த்துவந்தவர்களில் 29 சதவீதம்தான். மூன்று குழுவுக்குமே ஆறு தடவை வரை பிசியோதெரபி உண்டு. ஆக, ஊசியும் சேர்ந்தால் பலன் கூடுகிறது. எந்தப் புள்ளி என்பதுதான் அவ்வளவு முக்கியமாகத் தெரியவில்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறு: நிறுத்திய பிறகு என்ன மிஞ்சுகிறது? அக்குபங்சரின் பலன் ஓராண்டு கழித்தும் பெரும்பாலும் நீடிக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்த 2017 கணக்கு ஒன்று சொல்கிறது. என் காலில் நீடிக்கவில்லை. சில வாரங்களில் வலி திரும்பியது. தேய்ந்த மூட்டின் சுமையைத் தாங்க வேண்டியது தொடைத் தசை. அதை வளர்க்க, முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, ஐந்து எண்ணும்வரை கீழே அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்புறம் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார வேண்டும். ஆரம்பத்தில் சலிப்புதான், வலியும் இருக்கும். ஆனால் கற்றுக்கொண்டுவிட்டால் யாரிடமும் நேரம் கேட்டுக் காத்திருக்க வேண்டாம், ஆட்டோ செலவும் இல்லை. விட்டால் தசை மெலியும் என்பதால் இதற்கும் பராமரிப்பு உண்டு. அது என் வீட்டுக்குள்ளேயே முடிகிறது. பிரிட்டனின் 2022 அரசு வழிகாட்டியும் மூட்டுத் தேய்மானத்துக்கு உடற்பயிற்சியை முன்வைத்து, அக்குபங்சரை விலக்கியிருக்கிறது.

கழுத்து, தோள் வலிக்கு நான் இரண்டையும் ஒப்பிட்டதில்லை. முழங்காலை மடக்கவே முடியாத வலி என்றால், மருத்துவரிடம் காட்டிவிட்டு, முதலில் கொஞ்ச நாள் அக்குபங்சர் எடுத்து வலியைத் தணித்துக்கொண்டு பயிற்சிக்கு வரலாம். ஊசி புது உறையிலிருந்துதான் வருகிறதா என்று பாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.