தீ மூட்டப் பழக எது முதலில்: லைட்டரா, ஃபெரோ ராடா, சக்கிமுக்கியா, கடைகோலா?

புஷ்கிராஃப்ட், அதாவது காட்டில் கிடைப்பதை வைத்துச் சமாளிக்கும் கலை, பழக நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது ஒரு கத்தியும், உரசினால் பொறி பறக்கும் கம்பியான ஃபெரோ ராடும்தான். கத்தி சரி. ஃபெரோ ராடை முதலில் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பொருளில் குறை ஒன்றும் கிடையாது. ஆனால் பையில் வைத்திருக்க லைட்டரே போதும், கற்றுக்கொள்ள, மரத்தில் கோலைச் சுழற்றித் தீ எடுக்கும் கடைகோல்தான் நல்லது. ஃபெரோ ராட் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

லைட்டரின் சக்கரத்துக்கு அடியில் இருப்பதை நாம் கல் என்கிறோம். அது ஃபெரோசீரியம் என்ற உலோகக் கலவை: சீரியம், லாந்தனம் போன்றவற்றோடு இரும்பு. ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1903இல் காப்புரிமை பெற்றது. ஃபெரோ ராட் என்பது அதே கலவையில் விரல் நீளத்துக்குச் செய்த கம்பி. அதாவது ஒவ்வொரு கல் லைட்டருக்குள்ளும் குட்டி ஃபெரோ ராட் ஒன்று இருக்கிறது, கூடவே எரிவாயுவும். வாயு தீர்ந்த பிறகும் பொறி வரும்.

லைட்டர் நனைந்தால் சக்கரத்தை ஊதி, துணியில் நாலு முறை உருட்டினால் மறுபடி வேலை செய்யும். நனைந்த தீக்குச்சியை அப்படிக் காப்பாற்ற முடியாது. லைட்டரின் உண்மையான எதிரி குளிர். பியூட்டேன் கிட்டத்தட்ட பூஜ்யம் டிகிரியில்தான் வாயுவாகிறது, அதனால் இமயமலை இரவில் வெறும் பொறியோடு நின்றுவிடும். சட்டைக்குள் உடம்பை ஒட்டி வைத்திருந்தால் சரியாகிவிடும். கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் இந்தக் கவலை அநேகமாக வராது.

லைட்டருக்கும் தீப்பெட்டிக்கும் நடுவில் நம் ஊரில் வேறொரு சண்டையும் உண்டு. கோவில்பட்டி, சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தின் பிழைப்பே தீப்பெட்டி. 2021 டிசம்பரில் பெட்டி ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயானது. மலிவு லைட்டர்கள் வியாபாரத்தைக் கெடுக்கின்றன என்று அந்தத் தொழிலில் இருப்பவர்கள் குரல் கொடுத்துவந்தார்கள், 2023இல் 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதியை மத்திய அரசு தடை செய்தது. பழகுவதற்கு நானும் தீப்பெட்டி பக்கம்தான். காரணம் விசுவாசம் இல்லை. லைட்டரை எத்தனை முறை வேண்டுமானாலும் தட்டலாம், தீக்குச்சி ஒருமுறைதான். ஒரே குச்சியில் அடுப்பு பிடிக்க வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டால் விறகைத் தயார் செய்யத் தானாகவே கை பழகும்.

அந்தத் தயாரிப்புதான் பாதிக்கு மேல் வேலை. தரையில் கிடக்கும் சுள்ளி ஐப்பசி மழையில் ஊறிப்போயிருக்கும். மரத்திலேயே காய்ந்து தொங்கும் குச்சியை எடுக்க வேண்டும். ஒடித்தால் டப்பென்று சத்தம் வரவேண்டும், வளைந்தால் விட்டுவிடுங்கள். வெளியே எல்லாமே ஈரம் என்றால் மணிக்கட்டுத் தடிமன் கட்டையைப் பிளந்து உள்மரத்தைச் சீவலாம். தீக்குச்சித் தடிமனில் இரண்டு கைப்பிடி, பென்சில் தடிமனில் இரண்டு, கட்டைவிரல் தடிமனில் ஓர் அணைப்பு. இவ்வளவும் பக்கத்தில் இருந்த பிறகுதான் தீக்குச்சியை உரச வேண்டும்.

இப்போது ஃபெரோ ராட். பொறியின் சூடு ஏறக்குறைய 3,000 டிகிரி செல்சியஸ். தண்ணீரில் முக்கி எடுத்துத் துடைத்தாலும் வேலை செய்யும், குளிர் ஒன்றும் செய்யாது, ஆயிரக்கணக்கான உரசல் தாங்கும். இதெல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பொறி கண்மூடித் திறப்பதற்குள் அணைந்துவிடும், அதற்குள் தீயாக மாறக்கூடிய பஞ்சு வேண்டும். வீடியோக்களில் வரும் சுவீடன்காரர் பிர்ச் மரப்பட்டையைச் சுரண்டி வைக்கிறார், எண்ணெய்ப்பசை உள்ள அந்தப் பட்டை ஈரத்திலும் எரியும். நம் சமவெளியில் பிர்ச் ஏது? இலவம் பஞ்சு குப்பென்று பிடித்து, சுள்ளிக்கு ஏறுவதற்குள் சாம்பலாகிவிடும். கடைப் பஞ்சில் வாசலின் தடவினால் சில நிமிடம் நின்று எரியும். வாசலினும் பஞ்சும் டப்பாவில் கொண்டுபோகிறவர் லைட்டரைக் கொண்டுபோக மாட்டாரா என்பதுதான் என் கேள்வி.

ராடை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு: புது ராடின் மேல் இருக்கும் கறுப்புப் பூச்சை முதலில் சுரண்டி எடுங்கள். கத்தியின் கூர்ப்பக்கத்தில் உரசாதீர்கள், முதுகுப்பக்கம் செங்கோணமாக இருந்தால் அதுதான் சரியான இடம். கத்தியை முன்னால் தள்ளினால் கை போய்ப் பஞ்சைக் கலைத்துவிடும். கத்தியை அசையாமல் பிடித்து ராடைப் பின்னால் இழுங்கள். இதைப் பழக ஒரு சாயங்காலம் போதும். அதற்கு மேல் அதில் கற்க அதிகமில்லை.

சக்கிமுக்கி வேறு ரகம். இதில் எரிவது கல் அல்ல, இரும்பு. கடினமான கல் எஃகிலிருந்து நுண்ணிய துகளைச் சுரண்ட, அது காற்றில் பற்றிச் சிவக்கிறது. வெங்கச்சங்கல் இரண்டை இருட்டில் உரசி மின்ன வைப்பது நம் பிள்ளைகளின் விளையாட்டு. அந்த வெளிச்சத்தில் எதுவும் பற்றாது. அதே வெங்கச்சங்கல்லின் கூர் விளிம்பில் பழைய அரத்தை அடித்தால் நிஜப் பொறி வரும். கார்பன் அதிகமுள்ள எஃகாக இருக்க வேண்டும், எவர்சில்வர் உதவாது. பொறியின் சூடு ஃபெரோ ராடை விட மிகக் குறைவு, பஞ்சில் விழுந்தால் அணைந்துவிடும். அதற்குக் கரித்துணி வேண்டும். பருத்தித் துணியைச் சின்ன ஓட்டை போட்ட தகர டப்பாவில் அடைத்து, புகை நிற்கும்வரை அடுப்பில் வைத்தால் கரித்துணி தயார். ஐரோப்பாவில் இந்த இடத்தில் மரக்காளானைப் பயன்படுத்தினார்கள். 1991இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, 5,000 ஆண்டுகளுக்கும் முந்தைய ஓட்ஸி என்ற மனிதனின் பையிலும் அந்தக் காளான் இருந்தது.

கரித்துணியில் கிடைப்பது தீயல்ல, கங்கு. இங்கேதான் நம் ஊர் ஆட்டத்துக்கு வருகிறது. பெட்டிக்கடையில் பீடி பற்ற வைக்கத் தொங்கவிட்டிருந்த கயிற்றை நினைத்துப் பாருங்கள். தேங்காய் நார் சட்டென்று தீப்பிடிக்காது, ஆனால் கங்கை விடாமல் வைத்திருக்கும். நாரை உதிர்த்துக் கூடு மாதிரி சுருட்டி, நடுவில் கங்கை வைத்து, வெளியே வாழைச் சருகு சுற்றி மெதுவாக ஊதினால் தீ வரும். பொறியில் அடம் பிடிக்கும் நார் கங்கு முறையில் நண்பனாகிவிடுகிறது. ஃபெரோ ராட் நமக்கு ஒத்துவராததற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைகோலுக்கும் தேவை இதே நார்க்கூடுதான். வளைந்த கம்பில் வில் போலக் கயிறு கட்டி, கயிற்றைக் கடைகோலில் ஒரு சுற்றுச் சுற்றி, மென்மரப் பலகைமேல் வைத்துத் தயிர் கடைவது போல முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். பலகையில் குழி விழுந்ததும் அதன் ஓரத்தில் முக்கோணமாக ஒரு வெட்டு வெட்டுங்கள். தூள் அதில்தான் சேரும். தூள் வெளுப்பாகவும் சொரசொரப்பாகவும் இருந்தால் அழுத்தமோ வேகமோ போதவில்லை. மாவு மாதிரி கறுப்பாக விழ வேண்டும். கடைவதை நிறுத்திய பிறகும் தூள் தானாகப் புகைந்தால் கங்கு பிறந்துவிட்டது.

எந்த மரம்? ஆங்கில வழிகாட்டிகள் வில்லோ, ஹேசல் என்பார்கள். நமக்கு எளிதில் கிடைப்பது வேலியோர ஆனைக்கற்றாழையின் பூத்தண்டு. ஒருமுறை பூத்துச் செடி சாகும், தண்டு நின்றபடியே காயும். அமெரிக்கப் பாலைவனப் பகுதியில் இந்தக் கற்றாழை இனத்தின் தண்டில் தீக் கடைவது பழைய வழக்கம். வேறு கட்டை எடுத்தால் பிசின் இல்லாததாக, நகத்தால் அழுத்தினால் தடம் பதிவதாகப் பாருங்கள்.

இது நமக்கு அந்நியக் கலையும் அல்ல. கேரளத்தின் பாஞ்ஞாளில் 1975இல் நடந்த அதிராத்திரம் என்ற வேள்வியில் அரணிக்கட்டை கடைந்துதான் தீ எடுத்தார்கள். நீலகிரித் தோடர்களும் சடங்கு நெருப்பை மரம் கடைந்து எடுத்ததற்குப் பதிவு உண்டு. வில்லும் இல்லாமல் உள்ளங்கையால் மட்டுமே கடையும் முறையும் இருக்கிறது. தான்சானியாவின் ஹட்சா மக்கள் இன்றும் செய்கிறார்கள். நாம் அதில் தொடங்கினால் கொப்புளம்தான் மிஞ்சும்.

கடைகோல் வசப்பட வாரக்கணக்கில் ஆகலாம். ஈரக்காற்றில் இன்னும் சிரமம். அவசரத்துக்கு அதை நம்பி யாரும் காட்டுக்குள் போகக்கூடாது. ஆனால் எந்த மரம் மென்மையானது, எது உள்ளே ஈரமானது, கங்குக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பதையெல்லாம் அது கற்றுத் தருகிற மாதிரி வேறெதுவும் கற்றுத் தராது. அதனால் என் வரிசை: பையில் எப்போதும் இரண்டு லைட்டர், பழக்கத்துக்கு முதலில் தீப்பெட்டி, அப்புறம் கடைகோல், ஆசை இருந்தால் சக்கிமுக்கி. ஃபெரோ ராட் கடைசி. பனிப்பிரதேசத்தில் நாள்கணக்கில் தங்கப்போகிறவருக்கு மட்டும் அது மேலே வரும்.

எதைப் பழகினாலும் சொந்தத் தோட்டத்திலோ தெரிந்தவர் நிலத்திலோ பழகுங்கள். காப்புக்காட்டில் அனுமதியின்றித் தீ மூட்டுவது குற்றம். சரணாலயத்தில் தீ வைப்பதை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் தடை செய்கிறது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் 20 பேருக்கும் மேல் காட்டுத்தீயில் இறந்தார்கள். மாசி முதல் வைகாசி வரை புல் காய்ந்து கிடக்கும்போது தோட்டத்தில்கூட வேண்டாம். அந்த மாதங்களில் கடைகோல் செதுக்கலாம், கற்றாழைத் தண்டு சேர்க்கலாம், முதல் மழைக்குப் பிறகு கடையலாம்.