பழைய பேக்கலைட் ரேடியோ: பெயிண்ட் அடிப்பதா, மெருகேற்றுவதா?

பரணில் இருந்து இறக்கிய வால்வு ரேடியோவை என்ன செய்யலாம் என்று வேலூர்ப் பக்கம் விசாரித்தால் இரண்டு யோசனைகள் வரும். ஒன்று, கார் பெயிண்டிங் பட்டறையில் கொடுத்து ஸ்பிரே அடித்துவிடுவது. இன்னொன்று, வீட்டிலேயே துடைத்து மெருகேற்றுவது. எங்கள் தாத்தாவின் பழுப்பு நிற ஐந்து வால்வு செட்டுக்கு நான் இரண்டாவது வழியைத்தான் எடுத்தேன். இன்று வேறொரு செட் கைக்கு வந்தாலும் அதையேதான் செய்வேன்.

முதலில் பெட்டி எந்த பிளாஸ்டிக் என்று பார்க்க வேண்டும். கருப்பு அல்லது அடர் பழுப்பாக, கனமாக இருந்து, வெந்நீர்த் துணியால் அழுத்தித் தேய்த்ததும் மருந்து நெடி அடித்தால் பெரும்பாலும் பேக்கலைட். பழுப்பு, கருப்பு தவிர வேறு வெளிர் நிறத்தில், லேசாக, தட்டினால் 'டிக்'கென்று சத்தம் வந்தால் பிற்காலத்தில் வந்த பாலிஸ்டைரீனாக இருக்கலாம். அதன் பக்கத்தில் தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு நீக்கும் திரவம் எதையும் கொண்டுபோகக் கூடாது. மேற்பரப்பு கரைந்து கொழகொழத்துவிடும். பேக்கலைட் தின்னருக்கெல்லாம் அசையாது.

பெயிண்டின் நல்ல பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். வேலை சீக்கிரம் முடியும், பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும், விரிசலை அடைத்த இடம் தெரியாது. காட்பாடியில் நான் காட்டிய பெயிண்டர் தம்பி, "அண்ணே, ஒரு நாள் விட்டுட்டுப் போங்க, புதுசாட்டம் ஆக்கித் தரேன்" என்றார். அவர் கைவேலை மேல் எனக்குச் சந்தேகமே இல்லை. "முதல்ல உப்புத்தாள் போட்டு நல்லா தேய்ச்சிடுவோம், அப்பதான் பிரைமர் பிடிக்கும்" என்று அடுத்ததாகச் சொன்னதைக் கேட்டுத்தான் ரேடியோவைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஏன் என்றால், பேக்கலைட்டின் உயிரே அதன் மேல்தோலில்தான் இருக்கிறது. 1907-இல் லியோ பேக்லண்ட் ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்து உருவாக்கிய பிளாஸ்டிக் இது. ரேடியோப் பெட்டிகளுக்கு அதில் மரத்தூளைக் கலந்து, சூடான அச்சில் அழுத்தி வார்ப்பார்கள். அழுத்தத்தில் பிசின் மேற்பரப்பில் படிந்து கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய தோலாக இறுகிவிடும். அதற்குக் கீழே இருப்பது மரத்தூள் மிகுந்த, சொரசொரப்பான பகுதி. பளபளப்பு, ஈரம் உள்ளே போகாத தன்மை இரண்டையும் தருவது அந்தத் தோல்தான். உப்புத்தாள் அதைத் தின்றுவிட்டால் அப்புறம் எந்த மெருகும் அதைத் திருப்பித் தராது. அந்தப் பெட்டிக்குக் கடைசிவரை பெயிண்ட்தான் கதி. குமிழைச் சுற்றியும் விளிம்பிலும் பெயிண்ட் பெயரும்போதெல்லாம் சுரண்டி, பட்டி பார்த்து, மறுபடி அடிக்க வேண்டும். இரண்டு வழிகளுக்கும் நடுவில் உள்ள மற்ற வித்தியாசங்கள் எல்லாம் எனக்குச் சின்னவையாகத்தான் தெரிகின்றன.

மெருகேற்றிய பெட்டிக்குப் பராமரிப்பு என்பது எப்போதாவது ஒருமுறை மெழுகு பூசித் துடைப்பது, அவ்வளவுதான். பிடிக்கவில்லை என்றால் பத்து வருடம் கழித்துக்கூடப் பெயிண்டுக்குப் போகலாம். அங்கிருந்து இங்கே வர வழி கிடையாது.

வேலை இப்படி: பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குமிழ்களைக் கழற்றி, சேஸிஸை, அதாவது வால்வுகளும் மற்ற பாகங்களும் பொருத்திய உலோகத் தட்டை, மொத்தமாக வெளியே எடுத்துவிடுங்கள். உலர்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு, துணியை நன்றாகப் பிழிந்து துடையுங்கள். விறகடுப்புப் புகை படிந்த பெட்டியில் இதற்கே பாதி நிறம் திரும்பும். வாளியில் ஊறப்போட வேண்டாம். தோல் உடைந்த இடங்களில் மரத்தூள் தண்ணீரைக் குடிக்கும். நிழலில் காய வையுங்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வைக்கவே கூடாது, பேக்கலைட்டை மங்க வைப்பதே வெயிலின் புற ஊதாக் கதிர்தான்.

காய்ந்த பிறகு பித்தளை துலக்கும் பிராஸோ, அல்லது காருக்குப் போடும் மிக நைசான ரப்பிங் காம்பவுண்ட். பருத்தித் துணியில் கொஞ்சமாகத் தொட்டு, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். துணியில் மஞ்சளும் பழுப்புமாக இறங்கும். அதில் அழுக்கோடு தோலும் கொஞ்சம் வருகிறது என்பதை மறக்க வேண்டாம். அதனால் இந்தக் கட்டம் ஒரே முறைதான். பளபளப்பு வந்ததும் நிறுத்திவிட்டு மெழுகுக்குப் போய்விடுங்கள்.

டயல் கண்ணாடியில் மட்டும் ரொம்பக் கவனம். மீட்டர் எண்களும் ஊர்ப்பெயர்களும் கண்ணாடியின் பின்பக்கம் அச்சிட்டவை. ஈரத்துணி பட்டாலே துணியோடு வந்துவிடலாம். முன்பக்கத்தை மட்டும் துடைத்து, பின்பக்கத்தைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

விற்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. என்னிடம் செட் கேட்டு வந்தவர்கள் விலை பேசுவதற்கு முன் கேட்டது, "பெயிண்ட் அடிச்சதா சார்?" என்பதைத்தான். லேசான கீறலோடு உள்ள அசல் மேற்பரப்பைச் சேகரிப்பாளர்கள் மதிக்கிறார்கள். பெயிண்டுக்கு அடியில் என்ன விரிசல் இருக்கிறதோ என்ற பயம் அவர்களுக்கு உண்டு.

பெயிண்ட் நியாயமாகிற இடங்களும் இருக்கின்றன. தோல் ஏற்கெனவே போய் மரத்தூள் வெளுத்துத் தெரிந்தால், மூலை உடைந்து எம்-சீல் வைத்து ஒட்டியிருந்தால், தாராளமாக அடிக்கலாம். வெள்ளை, தந்த நிறப் பெட்டிகளில் சில, பேக்கலைட் மேல் தொழிற்சாலையிலேயே பெயிண்ட் அடித்து வந்தவை. அவற்றுக்கு மறுபடி பெயிண்ட் அடிப்பதுதான் அசலுக்குப் பக்கம். வெளிர் நிறப் பெட்டிகளில் எனக்குக் கைப்பழக்கம் குறைவு, அதனால் அவற்றைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன்.

எந்த வழியில் போனாலும், பெட்டி பளபளத்துவிட்டது என்று உடனே பிளக்கைச் சொருகிவிடாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏசி/டிசி செட்களில் சேஸிஸிலேயே கரண்ட் இருக்கும். கையைக் காப்பது இந்த பிளாஸ்டிக் பெட்டியும் குமிழும் பின்மூடியும்தான். குமிழின் சிறு திருகை மூடியிருந்த மெழுகைச் சுத்தம் செய்யும்போது எடுத்திருந்தால், திரும்ப வைத்து அடைத்துவிடுங்கள். பழைய பேப்பர் கண்டென்சர்களை, குறிப்பாக ஸ்பீக்கரை இயக்கும் அவுட்புட் வால்வின் கிரிட் முனைக்குப் போவதை, விஷயம் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றிய பிறகுதான் செட்டை ஓட விட வேண்டும். அந்தக் கண்டென்சர் வழியாகக் கரண்ட் கசிந்தால் வால்வும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்தே போகும்.