மெனு மட்டும் பேசியது: இசை மென்பொருள் வாங்கப் போகும் பார்வையற்ற நண்பர்களுக்கு

மொத்தம் 92,000 ரூபாய். அம்மா தேங்காய்க் களத்தில் வேலை செய்து கட்டிய சீட்டுப் பணம் பாதி, நான் கோயில் நோம்பிகளில் கீபோர்டு வாசித்துச் சேர்த்தது பாதி. மடிக்கணினி 48,000, மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் இரண்டு மைக்கும் 17,500, இசை மென்பொருள் 12,000, திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பான் 6,500, மூன்று மாதப் பயிற்சி 8,000. இந்தக் கணக்கில் கடைசி மூன்று வரிகளைப் பற்றித்தான் இந்தப் பதிவு. இதில் 6,500 என்ற எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

எனக்கு ஊர் காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில். பிறவியிலேயே பார்வை இல்லை. பக்கத்து ஊரில் வள்ளி கும்மி சொல்லித்தரும் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். எழுபது வயதைத் தாண்டியவர், பாட்டு முழுவதும் தலைக்குள்தான், நோட்டில் ஒரு வரி கிடையாது. "எனக்கு அப்புறம் யார் வாயில் இது இருக்கும் கண்ணு? நீ பதிந்து வைத்துவிடு" என்றார். என்னைக் கண்ணு என்று கூப்பிடுவதில் அவருக்கும் சங்கடமில்லை, எனக்கும் இல்லை. அந்தப் பாட்டுக்காகத்தான் கோவையில் ஒரு கடைக்குப் போனேன். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. இதே வேலையைச் செய்யும் கடை உங்கள் ஊரிலும் இருக்கலாம்.

எங்கள் பக்கத்தில் ஏமாற்றுகிறவரும் 'ங்க' போட்டுத்தான் ஏமாற்றுவார். "எல்லாவற்றுக்கும் ஷார்ட்கட் இருக்கிறதுங்க தம்பி, மவுஸைத் தொடவே வேண்டியதில்லைங்க" என்றார் கடைக்காரர். திரைவாசிப்பான் படிக்குமா என்று கேட்டேன். "கேட்டுப் பாருங்க" என்று ஆல்ட் விசையை அழுத்திவிட்டு அம்புக்குறியைத் தட்டினார். ஃபைல், எடிட், வியூ, ஆப்ஷன்ஸ் என்று குரல் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அங்கேயே பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

என்னைக் கவிழ்த்தது அந்த ஒரு நிமிடம்தான். அதனால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

திரைவாசிப்பான் திரையைப் பார்ப்பதில்லை. அது மென்பொருளிடம் கேட்கிறது: இப்போது நான் நிற்கும் இடத்தின் பெயர் என்ன, இது பொத்தானா பட்டியலா, அழுத்தப்பட்டிருக்கிறதா இல்லையா? மென்பொருள் பதில் சொன்னால் இது வாய் திறக்கும். விண்டோஸில் இந்தக் கேள்வி பதிலுக்கென்றே வழிகள் இருக்கின்றன. விண்டோஸ் தரும் வழக்கமான மெனு, பொத்தான், பட்டியல் ஆகியவற்றை வைத்துக் கட்டிய பகுதி தானாகவே பதில் சொல்லிவிடும். பல இசை மென்பொருள்களில் மெனு அப்படிக் கட்டப்பட்டது. அதற்குக் கீழே இருக்கும் டிராக்குகள் (ஒவ்வொரு குரலும் கருவியும் தனித்தனியாகப் பதிவாகும் வரிசைகள்), வால்யூம் தள்ளிகள், திருகுகள் எல்லாவற்றையும் தயாரித்தவர்கள் தாங்களே படமாக வரைந்துவிடுகிறார்கள். படத்திடம் பெயரைக் கேட்டால் என்ன சொல்லும்? கடைக்காரர் எனக்குக் காட்டியது வீட்டுத் திண்ணை. நான் வீட்டையே பார்த்துவிட்டதாக நினைத்து ஊருக்குப் பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து மென்பொருளைத் திறந்து டாப் விசையை அழுத்தினேன். "பேன்" என்றது. மறுபடி அழுத்தினேன். "பேன்." சன்னலின் ஒரு பகுதிக்கு ஆங்கிலத்தில் அப்படிப் பெயராம். அதைத் தவிர அந்த மென்பொருளிடமிருந்து வேறு பதிலே வரவில்லை. தலை நிறையப் பேன் வைத்திருக்கும் பிள்ளையின் அம்மாகூட ஒரே இரவில் அத்தனை தடவை அந்தச் சொல்லைச் சொல்லியிருக்க மாட்டாள்.

ஷார்ட்கட் இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. இருந்தன, நூற்றுக்கணக்கில் இருந்தன. ஆனால் கும்மியில் முன்பாட்டுப் பாடினால் பின்பாட்டு வர வேண்டும். ஒரு விசையைத் தட்டினால் ஒரு டிராக் மியூட் ஆகிறது, சரி. எந்த டிராக்? ஏற்கெனவே மியூட் ஆகியிருந்ததை நான் இப்போது திறந்துவிட்டேனா? பதில் கிடையாது. பார்வையுள்ளவர்களுக்கு அந்தப் பின்பாட்டைத் திரை பாடிவிடுகிறது. எனக்குத் திரைவாசிப்பான்தான் பாட வேண்டும். ஷார்ட்கட் பட்டியலை மட்டும் நீட்டி இது உங்களுக்கு உகந்தது என்று யாராவது சொன்னால், பாதிக் கும்மியைத்தான் விற்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

பயிற்சியைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் வகுப்பில் "சிவப்பு வட்டம் போட்டிருக்கிறேன் பாருங்கள்" என்றார் பயிற்சியாளர். பாடக் குறிப்பு என்று வந்த பிடிஎஃப் முழுவதும் திரையின் புகைப்படங்கள். நான்காவது வகுப்போடு நின்றுவிட்டேன்.

ஆனாலும் நான் விடவில்லை. இன்சர்ட்டும் ஆர் விசையும் சேர்த்து அழுத்தினால் திரையில் தெரியும் எழுத்துகளை எடுத்துப் படிக்கும் வசதி, கடைக்காரர் எனக்குத் தந்த திரைவாசிப்பானான என்.வி.டி.ஏ.வில் உண்டு. அதை வைத்துக்கொண்டும், விசைகளை எண்ணி மனப்பாடம் செய்தும் ஒரு வழியாகப் பதிவு செய்யக் கற்றுக்கொண்டேன், அல்லது கற்றுக்கொண்டதாக நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மாரியம்மன் கோயில் முன்னால் ஆசிரியரும் நாற்பது பெண்களும் கூடினார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்டைமை விட்டுவிட்டு வந்தவர்கள் அதில் இரண்டு பேர். ஒரு மைக் ஆசிரியருக்கு, ஒரு மைக் ஜமாப் மேளத்துக்கு. மூன்று மணி நேரம் பாடினார்கள். வள்ளி பிறந்தது முதல் தினைப்புனம் காத்தது, கிழவன் வேடத்தில் முருகன் வந்தது வரை எல்லாம்.

வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டேன். மூன்று மணி நேரமும் ஜமாப் மட்டும் இருந்தது. தூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் பாட்டு. ஆசிரியரின் டிராக்கைப் பதிவுக்குத் தயார்ப்படுத்தும் விசையை நான் இரண்டு தடவை தட்டியிருக்கிறேன். முதல் தட்டில் தயார், இரண்டாம் தட்டில் ரத்து. இரண்டுக்கும் ஒரே மௌனம்.

மறுநாள் ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். "பரவாயில்லை கண்ணு, இன்னொரு நாள் பாடிக்கொள்ளலாம்" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இப்போது அந்த 6,500. சேலத்தில் இருக்கும் நண்பர், அவரும் பார்வையற்றவர், தொலைபேசியில் என் கதையைக் கேட்டுக்கொண்டே வந்தவர் இந்த இடத்தில் நிறுத்தினார். "என்.வி.டி.ஏ.வுக்கா 6,500 கொடுத்தாய்? அது இலவசமாயிற்றே!" ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் எழுதத் தொடங்கியது அது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம், தமிழையும் படிக்கும். விரும்பினால் அவர்களுக்கு நன்கொடை தரலாம். நான் கொடுத்த பணத்தில் ஒரு பைசாகூட அங்கே போயிருக்காது. நிறுவித் தந்ததற்குக் கூலி என்று 200 ரூபாய் கேட்டிருந்தால் மகிழ்ச்சியோடு கொடுத்திருப்பேன்.

12,000 ரூபாய் மென்பொருளின் கதை இன்னும் மோசம். இரண்டாவது மாதம் அது திறக்கவே மறுத்தது. அக்கா மகனைத் திரையைப் படிக்கச் சொன்னேன். உரிமம் செல்லாது என்று எழுதியிருந்ததாம். 'ஒரிஜினல்' என்று எனக்கு விற்றது பூட்டு உடைத்த திருட்டுப் பிரதி, அதுவும் பல வருடம் பழையது. எந்த மென்பொருள் என்று சொல்லப் போவதில்லை. அதைத் தயாரித்தவர்கள் மீது எனக்குக் கோபமில்லை, அவர்கள் என்னிடம் எதையும் விற்கவில்லை. ஆனால் பழைய பிரதியில் எங்களைப் போன்றவர்களுக்குத் தனியான ஆபத்து ஒன்று இருக்கிறது. திரைவாசிப்பானுக்கான வசதி பல மென்பொருள்களில் புதிய பதிப்புகளில்தான் வந்திருக்கிறது. ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருளில் அது 2024 மார்ச்சில் வெளியான 12ஆம் பதிப்பில்தான் வந்தது. 'லைவ் பேசும்' என்று கேள்விப்பட்டுப் போய் யாராவது தரும் பழைய பிரதியை வாங்கினால் பேசாத ஒன்றுதான் கையில் இருக்கும். பெயரோடு பதிப்பு எண்ணையும் கேளுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனபோது 'ங்க' குறைந்திருந்தது. "பார்வை உள்ளவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும் தம்பி, இதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டாமா?" என்றார். வாங்கும்போது சொல்லாத யோசனை. பில் என்று அவர் கொடுத்திருந்தது ஒரு துண்டுச் சீட்டு. 'கம்ப்யூட்டர் செட் 1' என்று எழுதித் தொகை போட்டிருந்தது, அவ்வளவுதான். அக்கா மகன் அதைப் படித்துச் சொன்னபோதுதான் எனக்கே தெரியும். சிவன்மலைக் கோயிலில் சாமியிடம் பூவாக்குக் கேட்டுவிட்டுப் போயிருக்கலாம் என்று அம்மா இன்றுவரை சொல்கிறார். எனக்கு என்னவோ, ஜிஎஸ்டி எண்ணோடு ஒரு பில் கேட்டிருந்தாலே போதும் என்று தோன்றுகிறது.

அதனால் வாங்கும்போதே ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகப் பெயர், பதிப்பு, விலையோடு எழுதி வாங்குங்கள். 'என்.வி.டி.ஏ.வோடு வேலை செய்யும்' என்று அவர் வாயால் சொன்னதைப் பில்லிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிடுங்கள். என்னைப்போல் மாட்டிக்கொண்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி கடை இருக்கும் ஊருக்குத்தான் அலைய வேண்டும் என்பதில்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தரலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. நான் முதலில் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்பினேன். பத்து நாளில் 6,500 மட்டும் வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது, ஒரு வார்த்தை விளக்கம்கூட இல்லாமல். இலவசப் பொருளுக்குக் காசு வாங்கியது வெளியில் தெரியக்கூடாது என்ற பயம் போலிருக்கிறது. மற்றதற்குத் திருப்பூரில் மனு தயாராகிறது.

கடையில் சோதிக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். மெனு படிப்பதைக் கேட்டு மயங்காதீர்கள். நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள், கடைக்காரரின் கை விசைப்பலகையில் படக்கூடாது. மவுஸைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். புதிய டிராக் ஒன்றைச் சேர்த்து, 'பாட்டு' என்று பெயர் வைத்து, வேறு டிராக்குக்குப் போய்விட்டுத் திரும்பி வாருங்கள். பெயரைச் சொல்கிறதா? பதிவுக்குத் தயார்ப்படுத்துங்கள், ரத்து செய்யுங்கள். இரண்டுக்கும் வேறுவேறு சொல் கேட்கிறதா? வால்யூமைக் குறைத்தால் எத்தனை டெசிபல் என்று எண் வருகிறதா? ஐந்து நிமிட வேலை. எனக்கு அந்த ஐந்து நிமிடம் தெரியாமல் போய்விட்டது.

சேலத்து நண்பர் காட்டிய வழியில் இப்போது ரீப்பர் என்ற மென்பொருளுக்கு வந்திருக்கிறேன். அறுபது நாள் முழு வசதியோடு பயன்படுத்திப் பார்க்கலாம், பிடித்தால் தனிநபர் உரிமம் 60 டாலர். அது தனியாக நமக்கு அவ்வளவாகப் பேசாது. அதோடு ஒசாரா என்ற இலவச இணைப்பைச் சேர்க்க வேண்டும். கர்ரனோடு சேர்ந்து என்.வி.டி.ஏ.வை வளர்த்த ஜேம்ஸ் டே என்பவர் தொடங்கிவைத்தது அது. அவருக்கும் பார்வை கிடையாது. மேல் கீழ் அம்புக்குறியில் டிராக்கின் பெயரும் நிலையும் வருகிறது. எஃப்12 அழுத்திவிட்டு எந்த விசையைத் தட்டினாலும் அது என்ன செய்யும் என்று சொல்கிறது, செய்வதில்லை. முதல் வாரம் நான் எஃப்12இலேயே குடியிருந்தேன்.

இதிலும் தொல்லை இல்லாமல் இல்லை. கூடுதலாகச் சேர்க்கும் எஃபெக்டுகள், இசைக்கருவி ஒலிகள் பலவற்றின் சன்னல்கள் இங்கேயும் வெறும் படம்தான். ஒசாராவில் பி விசை அவற்றின் அளவுகளைப் பட்டியலாகத் தருவதால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். சில ஆடியோ இன்டர்ஃபேஸ்கள் ஒலிப்பாதையைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டு திரைவாசிப்பானின் வாயை அடைத்துவிடும். என்னுடையது அப்படித்தான் செய்தது. என்.வி.டி.ஏ.வின் குரலை மடிக்கணினியின் சொந்த ஹெட்போன் துளைக்கு மாற்றிய பிறகு சரியானது. பாட்டின் நடுவே அந்தக் குரல் மைக்கில் விழும் அபாயமும் அதோடு போனது.

போன மாதம் மறுபடி கோயில் முன்னால் கூடினோம். அந்த நாற்பது பேரில் முப்பத்தைந்து பேர் வந்திருந்தார்கள். "இந்தத் தடவை ஏறுதா கண்ணு?" என்றார் ஆசிரியர். அவர் கேட்பார் என்று தெரிந்துதான் ஹெட்போனை முன்கூட்டியே கழற்றி வைத்திருந்தேன். விசையைத் தட்டினேன். 'ஆர்ம்டு' என்று கரகரத்த குரலில் கணினி கத்தியது. என்ன சொல்கிறது என்று கேட்டார்கள். தயார் என்கிறது என்றேன். பின்வரிசையில் ஒரு அக்கா, "இன்னொரு தடவை சொல்லச் சொல்லு, போன தடவையும் நீ தயார் என்றுதான் சொன்னாய்" என்றார். ரத்து செய்து, மறுபடி தட்டி, இரண்டாம் தடவையும் சொல்ல வைத்த பிறகுதான் முதல் பாட்டை எடுத்தார்கள்.