கொலோனோஸ்கோப்பிக்கு முன்னாடி அனுப்புற வீடியோ, 5க்கு 4

போன மாசம் அப்பாவுக்கு திருச்சியில கொலோனோஸ்கோப்பி, அதான் பெருங்குடலுக்குள்ள கேமரா வெச்ச குழாய விட்டுப் பாக்குற டெஸ்ட், எடுத்தோம், ஆஸ்பத்திரி பேரு வேணாம். டேட் குடுத்த கையோட வாட்ஸப்ல 7 நிமிஷ வீடியோ ஒண்ணு அனுப்பிட்டாங்க, இந்த ரிவ்யூ அந்த வீடியோக்குத்தான்.

2 வருஷம் முன்னாடி வேற எடத்துல இதே டெஸ்ட்டுக்கு ஒரு பேப்பர நீட்டுனாங்க, பூரா இங்கிலீஷ், ‘க்ளியர் லிக்விட்’னு போட்டிருந்துச்சு, அப்பா மோரும் தண்ணிதானேன்னு ஒரு சொம்பு குடிச்சிட்டாரு. குடல் க்ளீனா இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, பட்டினி கெடந்ததுதான் மிச்சம்.

இந்த வீடியோல ஒரு நர்ஸக்கா இளநி, வடிகட்டுன ரசத்தெளிவு, பால் ஊத்தாத டீ, மோர் எல்லாத்தையும் கண்ணாடி டம்ளர்ல ஊத்தி, பின்னாடி தினசரி பேப்பர வெச்சு “எழுத்து தெரியுதா? அப்ப குடிக்கலாம்”ங்கறாங்க. மோர் டம்ளர் வந்ததும் அப்பா என்னைத் திரும்பிப் பாத்தாரு, நான் ஒண்ணும் பேசல. கொய்யா, தக்காளி விதை குழாயில போய் அடைக்கும், பீட்ரூட் மாதுளை ஜூஸ் குடிச்சா உள்ள ரத்தம் மாதிரி தெரியும்னு காரணத்தோட சொன்னதால அவரும் எதுத்துப் பேசல. குடல க்ளீன் பண்ற பேதி பவுடர் கலந்த 2 லிட்டர் தண்ணிய ராத்திரி பாதி விடியக்காலை பாதின்னு ஏன் பிரிக்கணும்னா, எல்லாத்தையும் ராத்திரியே குடிச்சா விடியறதுக்குள்ள சிறுகுடல்லேந்து திரும்ப அழுக்கு எறங்கி குடல மூடிக்குமாம். கடைசியா என்ன கலர்ல போகணும்னு போட்டோவே காட்டுறாங்க, சேறு கலர்லேந்து மஞ்சத்தண்ணி வரைக்கும், அம்மா எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டாங்க.

குறை இல்லாம இல்ல. நடுவுல வர்ற வாய்ஸு ‘பெருங்குடல் அகநோக்கிப் பரிசோதனை’ன்னு நியூஸ் வாசிக்குது, அந்த நர்ஸக்காவே மொத்தத்தையும் பேசியிருக்கலாம். பவுடர் லேசா உப்பு கரிக்கும்னு சொல்றாங்க பாருங்க, கடல் தண்ணிங்க அது, ஃப்ரிட்ஜ்ல வெச்சு ஸ்ட்ரா போட்டுத்தான் உள்ள தள்ளுனோம்.

பெரிய கோபம் சுகர் மாத்திரை விஷயத்துலதான். பட்டினி கெடக்குறப்ப அத போடலாமா வேணாமான்னு சொல்லவே இல்ல, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறவங்களுக்கும் அதே கதிதான், கடைசியில 2 செகண்டு ‘மருத்துவரை அணுகவும்’னு பொடி எழுத்து. அப்பா மாத்திரைய கையில எடுத்துட்டாரு, அம்மாதான் புடிச்சு நிறுத்துனாங்க. அங்க 3 தடவ ஃபோன் அடிச்சதுக்கப்புறம்தான் டியூட்டி டாக்டர் லைன்ல வந்தாரு.

டெஸ்ட் அன்னைக்கு ஒரே தடவையில முடிஞ்சிது. அடுத்த வாரம் சித்தப்பாவுக்கு இதே டெஸ்ட், வீடியோவ ஃபார்வேர்ட் பண்ணிட்டு சுகர் மாத்திரைய டாக்டர்கிட்ட இப்பவே கேட்டு வெச்சுக்கங்கன்னு தனியா ஒரு வாய்ஸ் நோட்டும் போட்டிருக்கேன்.