உச்சிப்புளி மணலில் எண்ணெய்ப்பனைக் கன்று: ஒரு மதிப்பீடு

ராமநாதபுரம் கடற்கரையில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களிடம் ஒரு நாற்றுப்பண்ணை சில ஆண்டுகளாக "உயிர்த்தொழில்நுட்ப எண்ணெய்ப்பனை" என்ற பெயரில் விற்றுவரும், பாமாயில் தரும் மரத்தின் கன்றுகளைப் பற்றிய மதிப்பீடு இது. 2021ஆம் ஆண்டு மழைக்காலத்தில் எங்கள் தோப்பின் தெற்கு ஓரத்தில் நட்ட கன்றுகள் இப்போது குலை தள்ளிவிட்டன. அதனால் கன்றைப் பற்றியும், விற்றவர்கள் சொன்ன சொல்லைப் பற்றியும் எழுதுவதற்குப் போதுமான காலம் கடந்திருக்கிறது. கன்றின் வம்சம் நல்லது; விளம்பரம் பாதிக்கு மேல் தவறானது; உச்சிப்புளி முதல் மண்டபம் வரையுள்ள மணல் நிலத்துக்கு இந்த மரம் ஏற்றதல்ல. இதுவே என் முடிவு.

கன்றுகள் வந்து இறங்கிய நிலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏறத்தாழ ஒரு வயதான, இடுப்புயரம் தாண்டிய, தடித்த கறுப்புப் பையில் வளர்ந்த கன்றுகள் அவை. இலை விரியாமல் ஒட்டிக்கிடப்பவை, மேல்நோக்கி விறைத்து நிற்பவை, கூட்டத்தில் குட்டையாகத் தங்கிவிட்டவை ஆகியவற்றைப் பண்ணையிலேயே கழித்துவிட வேண்டும் என்பது எண்ணெய்ப்பனை நாற்றங்காலின் அடிப்படை விதி. அந்தக் கழிவை இவர்கள் நேர்மையாகவே செய்திருந்தார்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நிற்கப்போகும் மரத்தில் இந்த ஒரு வேலையின் மதிப்பு மிகப் பெரியது.

வம்சத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் காசு கொடுத்து வாங்குவது அதைத்தான். எண்ணெய்ப்பனையில் தடித்த ஓடுள்ள காய் தரும் டூரா என்றும், ஓடே இல்லாத பிசிஃபெரா என்றும் இரண்டு வகைகள் உண்டு. பிசிஃபெராவின் பெண் பூக்கள் பெரும்பாலும் காய் பிடிக்காமல் உதிர்ந்துவிடும். இவ்விரண்டையும் சேர்த்தால் மெல்லிய ஓடும் தடித்த சதையும் கொண்ட டெனெரா கிடைக்கும் என்பதையும், ஓட்டின் தடிமனை ஒரே ஒரு மரபணு தீர்மானிக்கிறது என்பதையும் பெல்ஜியக் காங்கோவில் பணியாற்றிய பெயர்னேர்ட்டும் வாண்டர்வேயனும் 1941இல் நிறுவினார்கள். சதையில்தான் பாமாயில் இருக்கிறது. ஓடு மெலிந்தால் சதை கூடும்; அந்த ஒரு மாற்றத்தாலேயே டூராவைவிட ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதல் எண்ணெய் கிடைக்கிறது. இந்தப் பயிரின் வரலாற்றில் வேறெந்த உரமும் மருந்தும் இதற்கு ஈடான பலனைத் தந்ததாக எனக்குத் தெரியவில்லை. உலகத் தோட்டங்களில் பெரும்பாலானவற்றின் தாய்வழி, 1848இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் தோட்டத்தில் நடப்பட்ட நான்கே நான்கு மரங்களில் போய் முடிகிறது என்பதை எண்ணும்போது, அந்தச் சிறிய தொடக்கத்திலிருந்து இவ்வளவு விளைச்சலை எடுத்த ஆய்வாளர்களின் உழைப்பு வியப்பளிக்கிறது.

நாங்கள் வாங்கியவை டெனெராதானா என்பதைக் காய் வந்தபின் கத்தியால் அறிந்துகொண்டோம். பழத்தைக் குறுக்கே வெட்டினால், மெல்லிய ஓட்டைச் சுற்றிச் சதைக்குள் கறுப்பு நார்ப்புள்ளிகள் வளையமாகத் தெரிய வேண்டும். டூராவில் அந்த வளையம் இருக்காது. காய்த்த மரங்கள் எல்லாவற்றிலும் வளையம் தெளிவாக இருந்தது. இந்த விஷயத்தில் பண்ணை தன் சொல்லைக் காப்பாற்றியிருக்கிறது. நானும் மனமுவந்து பாராட்டுகிறேன்.

ஆனால் "திசு வளர்ப்பில் உருவான கன்று" என்று துண்டறிக்கையில் அச்சிட்டது உண்மையல்ல. நடுவதற்காகப் பையைக் கிழித்தபோது வேர்க்கொத்துக்கு நடுவே விதையின் ஓடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆய்வகத்தில் திசுவிலிருந்து வளர்த்த கன்றுக்கு விதையும் கிடையாது, ஓடும் கிடையாது. இவை டூராவையும் பிசிஃபெராவையும் கைச்சேர்க்கை செய்து எடுத்த விதைக் கன்றுகள். அதில் இழிவு எதுவும் இல்லை. இந்தியத் தோட்டங்களுக்குப் போகும் கன்றுகளில் மிகப் பெரும்பாலானவை இத்தகையவையே. உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தாலே போதுமானதாக இருந்திருக்கும்.

திசு வளர்ப்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் உயர்ந்த பொருள் என்று நினைப்பவர்கள், எண்ணெய்ப்பனையில் அது பட்ட பாட்டையும் தெரிந்துகொள்வது நல்லது. நன்கு காய்க்கும் ஒரு மரத்தின் திசுவிலிருந்து அதே மரத்தின் நகல்களை ஆயிரக்கணக்கில் எடுக்கும் முறை 1970களிலேயே கைவந்துவிட்டது. ஆனால் அந்த நகல்களில் ஒரு பகுதி, நட்டுச் சில ஆண்டுகள் கழித்துப் பூக்கும்போதுதான் தன் குறையைக் காட்டியது. மகரந்தத்தாள்கள் சூலிலைகளைப்போல் மாறி, காயைச் சுற்றிக் கூடுதல் சதை மடல்கள் முளைத்து, கடுமையாகப் பாதிக்கப்பட்ட மரங்களில் குலை முழுவதும் வீணாயிற்று. மரபணுவின் எழுத்துகள் மாறாத நிலையில் இது ஏன் நேர்கிறது என்ற கேள்விக்கு 2015இல்தான் தெளிவான விடை கிடைத்தது. பூவின் உறுப்புகளை ஒழுங்குபடுத்தும் ஒரு மரபணுவுக்குள் "கர்மா" என்று பெயரிடப்பட்ட ஒரு டி.என்.ஏ. துண்டு அமர்ந்திருக்கிறது. அதை அடக்கி வைத்திருக்கும் மீத்தைல் குறி, அதாவது டி.என்.ஏ.வின்மேல் ஒட்டியிருக்கும் ஒரு வேதிக் குறி, திசு வளர்ப்பின்போது சில செல்களில் அழிந்துவிடுகிறது. அழிந்த செல்லிலிருந்து வந்த மரம் கெட்ட குலை தள்ளுகிறது. கன்றின் இலையிலேயே இந்தக் குறியைச் சோதித்துப் பார்க்கலாம் என்பது அந்த ஆய்வு தந்த கொடை. ஆகவே எவராவது உண்மையாகவே திசு வளர்ப்புக் கன்று விற்றால், இந்தச் சோதனை நடந்ததா என்று கேளுங்கள்.

ஓட்டைத் தீர்மானிக்கும் மரபணுவையும் 2013இல் மலேசியப் பாமாயில் வாரியத்தின் ஆய்வாளர்கள் அமெரிக்க ஆய்வாளர்களுடன் சேர்ந்து அடையாளம் கண்டுவிட்டார்கள். சிறு இலைத்துண்டு ஒன்றைக் கொண்டு, நாங்கள் பல ஆண்டு காத்திருந்து கத்தியால் அறிந்ததை நாற்றங்காலிலேயே அறிந்துவிட முடியும். உயிர்த்தொழில்நுட்பத்தின் பெயரைச் சொல்லி விற்கும் பண்ணை இப்படிப்பட்ட ஒரு சான்றைக் கையில் தந்திருந்தால், அந்தப் பெயருக்குப் பொருள் இருந்திருக்கும்.

துண்டறிக்கையில் இருந்த "வறட்சியையும் உப்பையும் தாங்கும்" என்ற வரிதான் மன்னிக்க முடியாதது. டெனெராவில் மேம்பட்டது எண்ணெய், தாகம் குறையவில்லை. ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டர் மழை பரவலாகப் பெய்யும் நிலத்துக்குப் பழகிய மரம் இது. நமக்குக் கிடைப்பது 800 மில்லிமீட்டரை ஒட்டிய மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையோடு முடிந்துவிடும். வளர்ந்த மரம் ஒன்றுக்குக் கோடையில் நாளொன்றுக்கு 200 லிட்டர் வேண்டும். ஏக்கருக்கு 57 மரம் என்றால் 11,400 லிட்டர். உச்சிப்புளிப் பக்கத்தில் மணலுக்கடியில் தங்கும் மழைநீர்தான் நல்ல தண்ணீர். அதற்குக் கீழே நிற்பது உப்புநீர். மோட்டாரை அதிக நேரம் ஓட்டினால் கிணற்றில் உப்பு ஏறிவிடும் என்பது இங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும். ஒருவர் தோப்புக்கு இந்த அளவு நீர் இறைத்தால், பக்கத்துத் தென்னைக்கும் வீட்டுக் குடத்துக்கும் போக வேண்டிய தண்ணீரும் சேர்ந்தே கெடும். இதனால்தான் நான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நீர் குறைந்ததன் விளைவைப் பாளைகளில் பார்த்தோம். எண்ணெய்ப்பனையில் ஒரே மரம் ஆண் பாளையையும் பெண் பாளையையும் மாறி மாறித் தள்ளும். தாகப்பட்ட மரம் ஆண் பாளைகளையே அதிகம் தள்ளும். எந்தப் பாளை எதுவாகும் என்பது அது விரிவதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே உள்ளே முடிவாகிவிடுவதால், ஒரு கோடையில் பட்ட தாகத்துக்கு அடுத்த மழை பரிகாரம் ஆகாது. கிடைத்த பெண் பாளைகளிலும் காய்ப்பிடிப்பு குறைவாகவே இருந்தது. இதன் மகரந்தத்தைச் சுமக்கும் ஆப்பிரிக்கக் கூன்வண்டு 1985இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டுத் தோட்டப் பகுதிகளில் பரவியது. சுற்றிலும் தென்னையும் பனையுமாக நிற்கும் எங்கள் பக்கத்தில் அதைக் காணவில்லை. கையால் மகரந்தம் தூவினால்தான் குலை நிறைகிறது. நாற்றுப்பண்ணைக்காரர் இதைப் பற்றி விற்கும்போது வாய் திறக்கவே இல்லை.

குலையை வெட்டியபின் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும். தாமதித்தால் கொழுப்பு அமிலம் கூடி எண்ணெயின் தரம் விழும். எங்களுக்குத் தெரிந்த ஆலை அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. சில குலைகளுக்காக அவ்வளவு தூரம் வண்டி அனுப்பினால் வாடகைக் காசுகூடத் தேறாது.

விலையைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. 2021இல் ஒன்றிய அரசு தொடங்கிய எண்ணெய்ப்பனை இயக்கத்தில் நடவுப் பொருளுக்கான உதவி ஹெக்டேருக்கு 12,000 ரூபாயிலிருந்து 29,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அந்தக் கணக்கோடு ஒப்பிடுகையில் நாங்கள் கொடுத்த விலை நியாயமானதே. பட்டுப்போன கன்றுகளுக்கு மாற்று கேட்டபோது தட்டாமல் தந்தார்கள். ஆனால் கிணற்று நீரின் உப்பைச் சோதித்துப் பார்க்கும் யோசனையை எவரும் சொல்லவில்லை.

தஞ்சாவூர், அரியலூர்ப் பக்கம் நல்ல நீர்வசதியும் அருகில் கொள்முதலும் உள்ள உறவினர் கேட்டால் இந்தக் கன்றை வாங்கச் சொல்வேன். அப்போதும் தாய் வகை, தந்தை வகை, விதை எடுத்த தோட்டம் மூன்றையும் ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். நம் கடற்கரையில் இடம் ஒதுக்கி வைத்திருப்பவர்கள் அங்கே தென்னையையே தொடர்வது நல்லது. ஏற்கெனவே நட்டுவிட்டவர்கள் மரத்தடியில் தென்னை மட்டையைப் பரப்பி ஈரத்தைக் காத்து, சொட்டுநீரை மட்டும் பயன்படுத்தி, கோடையில் மாதம் ஒருமுறையாவது கிணற்று நீரைச் சோதித்துக்கொள்ளுங்கள். உப்பு ஏறுகிறது என்று தெரிந்தால் அன்றே இந்த மரங்களுக்குப் பாய்ச்சுவதை நிறுத்திவிட்டுத் தென்னையைக் காப்பாற்றுங்கள்.